சுவடி ஒப்பீடும் நிரல் கிளைகளும்

வரதுங்கராம பாண்டியர் சேர்த்த ஏட்டுச் சுவடிகள், சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்தன. அவற்றைத் தேடி உ. வே. சாமிநாதையர் சென்றபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர்கள் கூறினர். இச்செய்தி 'என் சரித்திரம்' நூலில் உள்ளது. வேறெங்கும் படி இல்லாத நூல் அவற்றுள் இருந்திருந்தால், அது அன்றோடு போயிற்று.

பல ஊர்களில் படி இருந்தால் நூல் பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு படியும் தன் போக்கில் மாறும், அதுவே பாடபேதம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர், பல சுவடிகளை ஒப்பிட்டே பாடம் தேர்ந்தார்.

மென்பொருள் குழுக்களும் இந்த இரண்டையும் எதிர்கொண்டன. 2000இல் தொடங்கிய சப்வெர்ஷனில் நிரலின் முழு வரலாறும் மையக் கணினியில் மட்டுமே இருந்தது. லினக்ஸ் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய 'கிட்', அந்த வரலாற்றின் படியை ஒவ்வொருவர் கணினிக்கும் கொண்டுவந்தது. கிளை பிரிப்பது எளிதாயிற்று. பிரிந்ததை இணைப்பதுதான் பெரும்பாடு.

2010இல் வின்சென்ட் டிரீசன் பலவகைக் கிளைகள் கொண்ட 'கிட் ஃப்ளோ' முறையை முன்வைத்தார். பலரும் யோசிக்காமல் அதைப் பின்பற்றினர். அடிக்கடி வெளியிடப்படும் இணையச் செயலிகளுக்கு எளிய முறையே ஏற்றது என்று 2020இல் அவரே குறிப்பு சேர்த்தார். அம்முறையில் சிறு மாற்றத்துக்கு ஒரு குறுங்கிளை. சக நிரலர் படித்துப் பார்த்தபின் அது முதன்மைக் கிளையில் சேரும். மாற்றம் சிறிதானால்தான் மதிப்பாய்வாளர் உண்மையாகவே வரிவரியாகப் படிப்பார். ஒரே மென்பொருளின் பல பதிப்புகளைப் பேண வேண்டிய குழுவுக்குக் 'கிட் ஃப்ளோ' இன்னும் பொருந்தலாம் என்றும் அக்குறிப்பில் உள்ளது.