தனியோட்டமும் அணிக்கணக்கும்: கல்லூரி வெளிநில ஓட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

1970 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பேர்க் நகரில், அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையிலான ஓட்டப்போட்டியொன்று நடைபெற்றது. ஒறிகன் பல்கலைக்கழக மாணவர் ஸ்ரீவ் பிறிபொன்ரெயின் ஏனையோர் அனைவரையும் பின்னேவிட்டு முதலாவதாக முடிவுக்கோட்டைக் கடந்தார். ஆயினும் அணிக்குரிய வெற்றி வில்லநோவாவுக்கே சென்றது. வில்லநோவா பெற்ற புள்ளி 85. ஒறிகன் பெற்றது 86. குறைந்த தொகை பெற்றவரே வென்றோர் என்பது விதியாதலின், ஒரேயொரு புள்ளியால் ஒறிகன் தோற்றது. முதல்வர் தம்மாலியன்ற அனைத்தையும் செய்து முடித்தார். அதற்குமேல் அவர் செய்யக்கூடியது யாதுமில்லை. எங்கோ பின்னால் ஓடிவந்த ஒருவர் தமக்கு முன்னே சென்ற இன்னொருவரை முந்தியிருப்பின் அன்றைய கணக்கு வேறாயிருக்கும். இத்தகைய முடிவைத் தரும் விதி எங்கிருந்து வந்தது, அது தனிமனிதனின் புகழாசையை எவ்வாறு நடத்துகின்றது என்பனவே இக்கட்டுரையிற் கருதப்படுவன.

ஆங்கிலத்தில் ‘குறொஸ் கன்றி’ என வழங்கும் இவ்வோட்டம் அளந்து கோடிட்ட வட்டப்பாதையில் நிகழ்வதன்று. புல்வெளி, மேடு, பள்ளம், சேறு, மரச்சோலை என்பனவற்றினூடே பல மைல் ஓடுவதாகலின், இதனை ஈண்டு வெளிநில ஓட்டம் எனக் குறிப்போம். எமது பாடசாலைகளில் மரதன் ஓட்டம் என்ற பெயருடன் தெருவழியே நடத்தப்படுவதும் இதற்கு ஒருவகையில் உறவினதே.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் பழைய விடுதிப் பாடசாலைகளாகும். ஸ்றூஸ்பெரிப் பாடசாலையில் 1831 ஆம் ஆண்டளவிலேயே இவ்வோட்டம் பற்றிய பதிவேடுகள் எழுதப்பட்டுள்ளன. றக்பிப் பாடசாலையின் புகழ்பெற்ற கிறிக் ஓட்டம் 1838 இல் தொடங்கியது. அக்காலத்தில் இது ‘முயலும் வேட்டைநாய்களும்’ என்ற விளையாட்டாக இருந்தது. முயல்களாக நியமிக்கப்பட்ட இருவர் கடதாசித் துண்டுகளைத் தூவிக்கொண்டு முன்னே ஓடுவர். ஏனையோர் வேட்டைநாய்க் கூட்டமாக அத்தடத்தைத் தேடிப் பின்தொடர்வர். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தம்மை நாய்கள் என அழைத்துக்கொள்வதிற் குறைவொன்றுங் காணவில்லை என்பது எமக்கு வியப்பாகவே தோன்றும். தோமஸ் ஹியூஸ் 1857 இல் வெளியிட்ட ‘ரொம் பிறவுணின் பாடசாலை நாட்கள்’ என்னும் நூல் இவ்விளையாட்டை ஆங்கிலங் கற்றோர் யாவர்க்கும் அறிமுகஞ் செய்தது.

இப்பழைய விளையாட்டில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஓட்டத்தின் பெரும்பகுதியிற் கூட்டம் கூட்டமாகவே சென்றது. தடம் மறைந்த இடத்தில் முன்னோடிகள் நின்று தேடுவர். அதற்குள் பின்தங்கியோர் வந்து சேர்ந்துகொள்வர். பின்னர் எழுந்த ஓட்டக் கழகங்களிலும் முன்னே வேகத்தை அடக்கிச் செல்ல ஒரு தலைவரும், பின்னே சோர்ந்தவரைச் சேர்த்துக்கொண்டுவர ஒரு துணைவரும் இருந்தனர். வீடு அண்மித்து, இறுதி மைல் எஞ்சும்போதுதான் கட்டவிழ்த்து விடப்படுவர். அப்பொழுது அவனவன் தன் வலிமைக்கேற்ப ஓடி முந்தலாம். கூட்டத்தின் ஒழுங்கும் தனியாளின் ஆசையும் ஒரே பிற்பகலிற் பங்கிடப்பட்டிருந்தன எனலாம்.

தேம்ஸ் படகோட்டக் கழகத்தினர் 1868 இல் நிறுவிய ‘தேம்ஸ் முயல்-வேட்டைநாய்க் கழகம்’ இத்துறையில் உலகின் மூத்த கழகமாகும். 1876 இல் எப்பிங் காட்டில் முதலாவது ஆங்கிலத் தேசியப் போட்டி நடத்தப்பட்டபோது ஓடியோர் அனைவரும் வழிதவறிச் சென்றமையால் அது செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1877 முதலே முறையான தேசியப் போட்டி நிலைபெற்றது. இவ்வாறு விளையாட்டுப் போட்டியாக மாறியபொழுது கூட்டம் கலைந்தது, முயலும் மறைந்தது. தொடக்கத்திலிருந்தே ஒவ்வொருவனும் தனக்காக ஓடலானான். ஆயின் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் ஒன்றையொன்று எதிர்த்தபொழுது, பலர் பெற்ற இடங்களிலிருந்து ஓர் எண்ணைப் பெறவேண்டிய தேவை எழுந்தது. முடிவிடங்களைக் கூட்டிக் குறைந்த தொகையை வெற்றியெனக் கொள்ளும் முறை இத்தேவைக்கு விடையாயிற்று. கலைந்த கூட்டத்தைக் கணக்கினால் மீண்டும் கட்டிய முறை இது.

ஒக்ஸ்போட், கேம்பிறிஜ் பல்கலைக்கழகங்களின் ஆண்டுப்போட்டி 1880 இல் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இவ்வோட்டம் இலையுதிர்காலப் பயிற்சியாகப் புகுத்தப்பட்டது. வசந்தகாலத்தில் வட்டப்பாதையில் ஓடவேண்டியவர்களை உரப்படுத்துவதே அதன் நோக்கம். இச்சிறு செய்தி பிற்கால நிலையை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும். அமெரிக்கக் கல்லூரி ஓட்டக்காரனின் ஆண்டு இரு கூறுபட்டது. வசந்தத்தில் அவன் தன் பெயரில், தன் நேரத்துக்காக ஓடுவான். இலையுதிர்காலத்தில் அவனுடைய இடம் ஒரு கூட்டற்கணக்கின் உறுப்பாகிவிடும்.

கல்லூரிகளுக்கு வெளியேயும் இம்முறை பரவியது. 1903 இல் ஸ்கொத்லாந்தின் ஹமில்ரனில் தொடங்கிய சர்வதேசப் போட்டியில் ஒவ்வொரு நாட்டிலும் அறுவரின் இடங்கள் கூட்டப்பட்டன. 1912, 1920, 1924 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் வெளிநில ஓட்டத்துக்கு அணிப்பரிசு இருந்தது. அங்கு மூவர் கணக்கிலெடுக்கப்பட்டனர். 1924 இற் பாரிஸ் நகரில் கடும் வெயிலில் நிகழ்ந்த ஓட்டம் இவ்விதியின் கடுமையை நன்கு காட்டும். புறப்பட்டோர் 38 பேர். முடித்தோர் 15 பேரே. பின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவதாகவும் வில்லி ரிற்றோலா இரண்டாவதாகவும் வந்தனர். எனினும் மூன்றாவது பின்லாந்தியர் வந்து சேராவிடின் அணியென்ற ஒன்றே இல்லை. அம்மூன்றாமவர் ஹெய்க்கி லீமற்றாயினென். வெப்பத்தால் மதிமயங்கிய அவர், முடிவுக்கோட்டை அணுகியபின் ஓட்டத்தையே மறந்தவர்போல் நின்று, பின்னர் நடந்தே கோட்டைக் கடந்தார். பன்னிரண்டாவதாக வந்த அந்நடையினாலேயே பின்லாந்து அணித் தங்கத்தைப் பெற்றது. நூர்மியின் புகழை அறியாதார் இல்லை. லீமற்றாயினெனை அறிந்தோர் மிகச் சிலரே. அவ்வாண்டின்பின் ஒலிம்பிக்கிலிருந்து இவ்வோட்டம் நீக்கப்பட்டது.

அமெரிக்கத் தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கத்தின் முதற்போட்டி 1938 இல் மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ற் லான்சிங்கில் நடைபெற்றது. தூரம் நான்கு மைல். தனிவெற்றி நொட்ரடாமைச் சேர்ந்த கிறெக் றைஸுக்கும், அணிவெற்றி இந்தியானாவுக்கும் சென்றன. 1981 இல் மகளிர்க்கென அச்சங்கம் நடத்திய முதற்போட்டியிலும் இவ்வாறே நிகழ்ந்தது: தனிவெற்றி நோத் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெற்றி ஸ்பிறிங்ஸுக்கு, அணிவெற்றி வேர்ஜீனியாவுக்கு. இவ்விரு வெற்றிகளும் பிரிந்து நிற்பது விபத்தன்று. விதியின் இயல்பே அது.

விதி இதுதான். அணிக்கு எழுவர் ஓடுவர். முதல் ஐவரின் இடங்கள் கூட்டப்படும். ஆறாமவருக்கும் ஏழாமவருக்கும் புள்ளியில்லை. ஆயின் அவர்கள் எதிரணியின் ஐவருள் ஒருவரை முந்திவிட்டால், அவருடைய இடம் ஓரெண் பின்தள்ளப்படும். எனவே பெயர்ப்பட்டியலிற் புள்ளியின்றி நிற்பவரும் வெற்றியைத் தீர்மானிக்கலாம். முழுமையான அணியின்றித் தனியே தகுதிபெற்று வந்தோர் அணிக்கணக்கில் ஓடாதவர்போலவே நீக்கப்படுவர். அத்தகைய ஒருவர் போட்டியையே வென்றாலும், அணிக்கணக்கில் 1 என்னும் எண் அவருக்கு அடுத்து வந்த அணிவீரருக்கே உரியதாகும்.

இரு கல்லூரிகள் மட்டும் மோதும் போட்டியை எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் விருப்பமுள்ள மாணவர் இதனைத் தாமே எழுதிப் பார்க்கலாம். ஓரணி முதல் இரு இடங்களையும் பெற்று, அடுத்த ஐந்து இடங்களை எதிரணிக்கு விட்டுவிட்டால், அதன் தொகை 1, 2, 8, 9, 10 ஆகக் குறைந்தது 30. எதிரணியின் தொகை 3, 4, 5, 6, 7 ஆக 25. முதல்வனும் இரண்டாமவனும் ஒரே கல்லூரி, தோற்றதும் அக்கல்லூரியே. முதல் மூன்று இடங்களையும் ஓரணி பெற்றுவிட்டாலோ, எதிரணியினர் எழுவரும் தொடர்ந்து வந்தாற்கூட 29 இற்கு 30 என்ற கணக்கில் அதுவே வெல்லும். இருவர் போதாது, மூவர் சரியாகப் போதும் என்ற இந்நுண்மையை விதி வகுத்தோர் எண்ணி வகுத்தனரோ, தற்செயலாக அமைந்ததோ, அறிந்து மகிழத்தக்கதே.

இனி, புகழாசை பற்றிய வினாவுக்கு வருவோம். அணிக்கணக்கு தனிமனித ஆசையை அடக்குகின்றது எனப் பொதுவாகச் சொல்வர். அது அரைகுறை உண்மையே. அவ்விதி எல்லோருடைய ஆசையையும் ஒரே அளவில் அடக்குவதில்லை. 1973 இல் பிறிபொன்ரெயின் தமது இறுதிக் கல்லூரி வெளிநிலப் போட்டியில், முன்னே சென்ற வெஸ்ரேன் கென்ரக்கியின் நிக் றோஸைத் துரத்திப் பிடித்து வென்றார். இன்றும் பேசப்படும் அப்போராட்டம் ஒறிகனின் அணிக்கணக்குக்கு ஈட்டியது ஒரேயொரு புள்ளி. அவ்வாண்டு ஒறிகன் வென்றதோ 89 இற்கு 157 என, 68 புள்ளி வேறுபாட்டில். முன்னணியில் ஓடுவோர் ஒருவரிலிருந்து ஒருவர் விலகி நீண்ட இடைவெளியுடன் வருவர். அங்கு பத்துச் செக்கன் பிந்தினாலும் ஓரிரு இடங்களே இழக்கப்படும். ஆகவே முதல்வன் தன் புகழுக்காக ஓடலாம்; அவ்வாசைக்கு அணி கொடுக்கும் விலை மிகச் சிறிது.

ஐந்தாமவனின் நிலை அவ்வாறன்று. இருநூறுக்கு மேற்பட்டோர் ஓடும் தேசியப் போட்டியில் அவன் ஓடுவது நெரிசலின் நடுவில். அங்கு அதே பத்துச் செக்கனிற் பலர் கோட்டைக் கடந்துவிடுவர். அவனும் இளைஞனே, தன் ஊரில் முதலாவதாக ஓடியவனே. ‘இன்று ஒருநாள் முன்னணியோடு சென்று பார்ப்போம்’ என்ற எண்ணம் அவனுக்கு எழாதா? எழுந்து, மூன்று மைல் தாக்குப்பிடித்து, நான்காவது மைலிற் சோர்ந்தானாயின், நாற்பது ஐம்பது பேர் அவனைக் கடந்து செல்வர். அவ்வெண்ணிக்கை முழுவதும் அணியின் தலையில் விழும். எனவேதான் பயிற்றுநர் அவனைத் தன் தோழருடன் சேர்ந்தோடச் சொல்கின்றார். ஆசை மலிவாக விற்கப்படுவது பரிசு பெறுபவனுக்கு. பெயர் வெளிவராதவனுக்கு அது மிக உயர்ந்த விலை. இவ்விதியிலுள்ள ஏற்றத்தாழ்வு இது என்பதே எமது கருத்து. ஆயினும் அதே விதிதான் ஐந்தாமவனை முதல்வனுக்குச் சமமாக எண்ணுகின்றது என்பதையும் மறுத்தற்கில்லை. வேறெந்த ஓட்டத்தில் எண்பதாவது இடத்துக்கும் எண்பத்தோராவது இடத்துக்கும் இடையில் ஒரு கல்லூரியின் ஆண்டு முழுவதும் தொங்கும்?

எமது பாடசாலை மரதன் ஓட்டங்களின் முடிவிடத்தில் இலக்கச் சீட்டுக் கொடுக்கும் பணியைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். முதலில் வருபவனைச் சூழ்ந்துகொண்டு கூட்டம் அப்பாற் சென்றுவிடும். இருபதாவதாக வருபவனை வரவேற்கச் சீட்டுடன் நிற்கும் ஆசிரியர் ஒருவரே எஞ்சுவார். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் அவ்விருபதாமவன் வரும்வரை எவரும் அசைவதில்லை. கணக்கு இன்னும் முடியவில்லையென அவர்கள் அறிவர்.

தனியாளின் சிறப்பும் அணியின் சிறப்பும் முற்றாக ஒன்றிய ஆண்டும் உண்டு. 1981 இல் எல் பாசோவிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகம் 17 புள்ளிகளுடன் வென்றது. இயலக்கூடிய மிகக்குறைந்த தொகை 15 ஆதலின் இதன் அருமை விளங்கும். தனிவெற்றியும் அவ்வணியின் மத்தியூஸ் மொற்ஷ்வராற்றேயுவுக்கே உரியதாயிற்று. இதற்கு மாறாக, 1998 இற் கொலராடோவின் அடம் கோச்சர் தனிவெற்றி பெற்றும் அவரது அணி மூன்றாமிடத்துடன் அமைய வேண்டியதாயிற்று. 2001 இலோ, கொலராடோ வீரர் எவரும் முதலிடம் பெறாமலே அவ்வணி 90 இற்கு 91 என்ற கணக்கில் ஸ்ரான்போட்டை வென்றது. வில்லியம்ஸ்பேர்க்கின் ஒரு புள்ளி முப்பத்தோராண்டின் பின் மீண்டும் வந்தது போலும்.

தொகைகள் சமமாயின் யாது செய்வது? 1942 இல் இந்தியானாவும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் 57 புள்ளிகளுடன் சமப்பட்டபோது வெற்றியை இரண்டும் பகிர்ந்துகொண்டன. பிற்காலத்து விதி பகிர்வை ஏற்பதில்லை. 2022 நவம்பரில் ஒக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சொந்த நிலமாகிய ஸ்ரில்வோட்டரில் அப்பல்கலைக்கழகமும் வட அரிசோனாவும் 83 புள்ளிகளுடன் சமமாக நின்றன. அப்பொழுது கூட்டலைக் கைவிட்டு, ஓரணியின் முதல்வரை மற்றதன் முதல்வருடனும், இரண்டாமவரை இரண்டாமவருடனும், இவ்வாறே ஐந்தாமவர்வரை ஒப்பிட்டனர். எத்தனை இடம் முந்தினர் என்பது பார்க்கப்படவில்லை. முந்தினாரா என்பது மட்டுமே பார்க்கப்பட்டது. ஐந்து இணைகளுள் மூன்றில் முந்தியது வட அரிசோனா. இரண்டில் முந்திய ஒக்லகோமா மாநில அணி தன் ஊரிலேயே இரண்டாமிடத்தைப் பெற்றது.