வில் வண்டி முதல் ஜீப் வரை

முன்னாளில் நம் ஊர்களில் வசதி படைத்தோர் வீட்டு வாசலில் வில் வண்டி நிற்கும். பார வண்டியினின்றும் அதனை வேறுபடுத்திக் காட்டியது எது? கூண்டா? மெத்தையா? இல்லை. அச்சுக்கு மேலே, வண்டியின் உடலைத் தாங்கி நின்ற வளைந்த எஃகுப் பட்டைகளே அதற்கு அப்பெயரைத் தந்தன. அந்த வில்லின் வரலாற்றையே இன்று காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரை வண்டிகள் பலவற்றில், பிரயாணிகள் அமரும் கூடு தோல் வார்களில் தொங்கிற்று. முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்க நீண்ட உத்தரம் ஒன்று அடியில் ஓடிற்று. ஆகவே வண்டி உயரமாகவும் கனமாகவும் இருந்தது. லண்டனில் வண்டி செய்யும் தொழிலினரான ஒபதையா எலியட் 1804-05 ஆண்டுகளில் புதுவழி கண்டார். பட்டை அடுக்குகள் இரண்டை எதிரெதிராக வைத்து, நுனிகளைப் பிணைத்து, நீள்வட்ட வில்லாக்கினார். அதனை அச்சின்மீது பொருத்தி, அதன்மேல் வண்டியின் உடலை நேரே அமர்த்தினார். உத்தரம் தேவையற்றதாயிற்று, வண்டி இலேசாயிற்று, தாழ்ந்தும் நின்றது. வண்டியை உயர்த்துவதற்கன்று, தாழ்த்துவதற்கே அன்று வில் துணைபுரிந்தது என்பதை நினைவிற் கொள்க.

மோட்டார் வந்ததும் நிலைமை மாறியது. அமெரிக்கக் கிராமச் சாலைகள் சேறும் பள்ளமுமாகக் கிடந்த 1908-ஆம் ஆண்டில் ஹென்றி போர்டு தமது ‘டி’ மாடல் காரை வெளியிட்டார். முன்னே ஒன்று, பின்னே ஒன்று எனக் குறுக்காக வளைந்த இரு வில்கள் அதனைத் தாங்கின. தரையினின்றும் நன்கு உயர்ந்து நின்ற அக்கார், உழவர்களின் நண்பனாயிற்று.

இரண்டாம் உலகப்போரில் பிறந்தது ஜீப். 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாயின. பகைவர் கண்ணில் எளிதிற் படாதிருக்க, உயரம் குறைந்த வண்டியையே இராணுவம் கேட்டது. ஆகவே வில்கள் அச்சுக்குக் கீழே பூட்டப்பெற்றன. போர் முடிந்தபின் ஜீப் வயலுக்கும் மலைக்கும் சென்றது. அங்கே பெரிய டயர்களும் அதிக உயரமும் வேண்டும் என்ற ஆசை பிறந்தது.

உயர்த்தும் வழிகள் மூன்று. வில்லின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் கொளுவியை நீளமாக்கலாம். அதில் இரண்டு அங்குலம் கூட்டினால், வண்டியின் அப்பகுதி ஏறத்தாழ ஓர் அங்குலமே உயரும். பட்டைகளை மேலும் வளைக்கலாம், அன்றிப் புதுப்பட்டை சேர்க்கலாம். பட்டை கூடினால் விறைப்பும் கூடும், குலுக்கலும் கூடும். அச்சுக்குக் கீழிருந்த வில்லை மேலே மாற்றிப் பூட்டலாம்; அச்சின் கனமும் வில்லின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒரேயடியாக உயரும்.

ஆனால் ஓர் உண்மையைப் பலர் மறந்துவிடுகின்றனர். வில் உயர்த்துவது வண்டியின் உடலைத்தான், அச்சை அன்று. அச்சின் நடுவே தொங்கும் பல்சக்கரப் பெட்டி பாறையில் இடிக்காதிருக்க வேண்டுமாயின், பெரிய டயரே வழி.

விலையும் கொடுக்க வேண்டும். சக்கரங்களுக்கிடையே 48 அங்குல அகலமும், எடைமையத்துக்கு 24 அங்குல உயரமும் உள்ள வண்டி ஒன்றைக் கொள்வோம். வில்லின் நெகிழ்வை விட்டுக் கணக்கிட்டால், பக்கவாட்டில் 45 பாகை சாயும் வரை அது கவிழாது. எடைமையம் நான்கு அங்குலம் உயர்ந்தால், 41 பாகைக்குள்ளேயே கவிழ்ந்துவிடும். திருப்பங்களிலும் அதே அபாயம். அன்றியும், எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் சாய்வு மிகும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடும். ஸ்டியரிங்கின் நேர்மை கெடும். இவற்றையெல்லாம் சரிசெய்யாது வில்லை மட்டும் மாற்றுவோர், தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றனர்.

எலியட் வண்டியைத் தாழ்த்தியதால் பெற்ற உறுதியை, நாம் உயர்த்துவதால் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கிறோம். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைக் கணக்கிட்டு அறிந்த பின்னரே பட்டறையில் யாரும் சம்மட்டியைத் தூக்க வேண்டும்.