நம்பிச் சமைக்க ஒரு புத்தகம்: நூறாண்டுகளின் பாடம்

எமது சங்கம் தொடங்கிய நாட்களில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பெரும்பாலும் புத்தகம் பார்த்துச் சமைக்கவில்லை. அம்மாவோ அம்மம்மாவோ அடுப்படியில் பக்கத்தில் நின்றார். அரிசிக்குச் சுண்டும் கொத்தும், உப்புக்குக் கை, தூளுக்குக் கண் என்று அளவுகள் இருந்தன. நான்கு சுண்டு ஒரு கொத்து என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றவை எழுத்தில் இல்லை.

சமையலை எழுதும் வேலை அப்போது வேறிடங்களில் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஃபனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட பொஸ்ரன் சமையற் பள்ளி நூல், கோப்பையையும் கரண்டியையும் மட்டமாக வழித்து அளக்கும் முறையைப் பரப்பியது. இலங்கையில் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்' 1929இல் வந்தது. அது ஆங்கில நூல். ஆங்கிலம் படித்த குடும்பங்களின் அலுமாரியில் அதற்கு நீண்டகாலம் இடமிருந்தது.

தமிழில் பெயர் நிலைத்த நூல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. சென்னையில் 1951இல் வெளியான அது இன்றும் அச்சில் இருக்கிறது. மணமாகி வெளியூர் போகும் பெண்ணுக்குத் தாய் கொடுத்துவிடும் புத்தகம் என்ற பெயர் அதற்கு உண்டு. அருகில் ஒருவரும் இல்லாத பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே அதன் பலம். ஆனால் அது தமிழகத்துப் பிராமண வீட்டுச் சைவச் சமையல். அதில் மீன் இல்லை. அங்கு சோம்பு எனப்படுவது எமக்குப் பெருஞ்சீரகம். அங்கு துவரம் பருப்பு; எமது அன்றாடக் கறிக்கு மைசூர்ப்பருப்பு. இரண்டும் வேகும் நேரம் வேறு. நல்ல புத்தகமும் வேறு அடுப்படிக்கு வந்தால் வழிதவறச் செய்யும். எமது சமையலுக்கென்றே நேசா எலியேசர் பதிப்பித்த 'ரெசிப்பீஸ் ஒஃப் த ஜஃப்னா ரமில்ஸ்' இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

இதற்கிடையில் எழுதாத சமையல் பெருஞ்சோதனைகளைச் சந்தித்தது. 1970களின் முற்பகுதியில் அரிசியும் மாவும் தட்டுப்பாடானபோது மரவள்ளிக்கிழங்கு பல வீடுகளுக்குச் சோறானது. அதைத் திறந்த பாத்திரத்தில் நிறைய நீர்விட்டு நன்றாக அவித்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும் என்பதை மூத்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதில் சயனைட்டைத் தரும் பொருள் உண்டு என்று நாம் மருத்துவத்தில் பின்னர் படித்தோம். நாம் மாணவிகளாயிருந்த 1990களில் பொருளாதாரத் தடை வந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அந்த நேரத்தில் சமையற் குறிப்பு எழுதிய அப்பியாசக் கொப்பியை எடுத்துப் போக யாருக்குத் தோன்றியிருக்கும்? பின்னர் பிள்ளைகள் ரொரன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வளர்ந்தார்கள். அம்மம்மா ஊரில் இருந்தார். அடுப்பு வேறு நாட்டில் எரிந்தது. சுண்டும் கையும் அங்கே போதவில்லை.

ஆகவே அன்றாடச் சமையலுக்குப் புத்தகம் தேடும் மகளுக்கோ மருமகளுக்கோ நாம் எதைக் கொடுப்பது? படங்களைப் பார்த்து வாங்க வேண்டாம். கடையிலேயே மூன்று பக்கங்களைத் திறந்து பாருங்கள்: சோறு, பருப்பு, சொதி. சோற்றுப் பக்கம், எந்த அரிசிக்கு எவ்வளவு நீர் என்று பிரித்துச் சொல்கிறதா? பருப்புப் பக்கம், எந்தப் பருப்பு என்று பெயர் சொல்கிறதா? சொதிப் பக்கம், முதற்பால் விட்டபின் கொதிக்கவிடக் கூடாது, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடவேண்டும் என்று எச்சரிக்கிறதா? திரைந்த சொதியைக் கண்ட பின்னர் சொல்வதால் பயனில்லை. ஒவ்வொரு குறிப்பும் எத்தனை பேருக்கு என்பதும் இருக்க வேண்டும்.

நான்காவதாக, உப்பைப் பாருங்கள். 'உப்பு அளவாக' என்பது அனுபவசாலிக்குப் போதும். புதியவருக்கு அது ஓர் அளவல்ல. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். நால்வருக்கான ஒரு கறிக்கே இரண்டு தேக்கரண்டி உப்புச் சொல்லும் புத்தகத்தை அன்றாடத்துக்கு நம்ப வேண்டாம். எண்ணெய்க்கும் இதே கணக்குத்தான். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களிடம் நாம் நாள்தோறும் 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்கிறோம். 'எவ்வளவு?' என்ற அடுத்த கேள்விக்குத்தான் விடை வருவதில்லை.

இந்தப் பரீட்சைகளில் முழுமையாகத் தேறும் ஒரே நூல் கிடைக்காமல் போகலாம். கிடைப்பதில் நல்லதை வாங்கி, அதன் ஓரங்களில் வீட்டு அளவைப் பென்சிலால் எழுதுங்கள். சுண்டால் அளந்த அரிசியை ஒருமுறை தராசில் நிறுத்துக் கிராமில் குறியுங்கள். ஒடியற் கூழுக்கும் குரக்கன் புட்டுக்கும் அம்மா கையால் அள்ளுவதை, கொட்டுமுன் வாங்கி அளந்து பாருங்கள். அவர் சிரிப்பார், பரவாயில்லை. எம்மில் பலருடைய தாய்மார் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். இந்த ஆண்டே எழுதத் தொடங்குவோம்.