அரிசி சேர்ந்த லாகர்: ஒரு வரிச் சட்டமும் ஒரு லேபிளும்

அமெரிக்க லாகர் பீரில் அரிசியும் மக்காச்சோளமும் எப்படி நுழைந்தன என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே பதில்தான் புழக்கத்தில் இருந்தது. ஜெர்மானியக் குடியேறிகள் தூய மால்ட் பீரைக் கொண்டுவந்தார்கள். பெரிய ஆலைகள் காசு மிச்சம் பிடிப்பதற்காக அதை நீர்த்துப்போகச் செய்தன என்பது அந்தப் பதில். சிறு ஆலைகள் தழைக்கத் தொடங்கியபோது இது அவர்களின் விளம்பர வாசகமாகவே ஆகிவிட்டது. 2006இல் வெளிவந்த ‘ஆம்பிஷஸ் புரூ’ என்ற நூலில் மொரீன் ஓகிள் இந்தக் கதையை உடைத்தார். இன்று இத்துறையில் எழுதுபவர் எவரும் அவரைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. நானும் அவரை ஒட்டியே தொடங்குகிறேன். ஆனால் அவர் போய் நின்ற இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

ஓகிளின் வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. முதலாவது பார்லி. அமெரிக்காவில் செழித்த ஆறு வரிசைப் பார்லியில், ஐரோப்பிய இரண்டு வரிசைப் பார்லியைவிடப் புரதம் அதிகம். அந்தப் புரதம் உமியிலும் ஹாப்ஸிலும் உள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து, பீர் குளிர்ந்ததும் கலங்கலாகத் திரளும். புரதம் குறைந்த அரிசியையோ மக்காச்சோளத்தையோ சேர்த்தால் கலங்கல் குறையும், நிறமும் வெளுக்கும். இரண்டாவது நாக்கு. கனத்த பவேரிய பீரை அமெரிக்கர்கள் விரும்பவில்லை. பொஹீமிய பாணியிலான லேசான பீரைக் கேட்டார்கள். இதில் மலிவு எங்கே வந்தது என்று கேட்கிறார் ஓகிள். அரிசி விலை கூடியது. அதைத் தனியே வேகவைக்கும் வேலையும் கூடுதல். ஆகவே தரத்துக்காகச் செய்த மாற்றமே தவிர, கஞ்சத்தனம் அல்ல என்பது அவர் முடிவு.

பார்லியைப் பற்றி அவர் சொல்வது சரி. ஆனால் பாதிதான். ஆறு வரிசை மால்ட்டில் புரதம் மட்டும் அதிகமில்லை, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைமும் அதிகம். தன் மாவுச்சத்தை மாற்றிய பிறகும் அதற்கு வேலை செய்யத் தெம்பு மிச்சமிருக்கும். முளைகட்டாத அரிசியில் அந்த என்சைம் அறவே இல்லை. வேறொன்றின் தயவில்தான் அது சர்க்கரையாக வேண்டும். அரிசியைத் தேவையாக்கிய அதே பார்லிதான் அரிசியைச் சாத்தியமாக்கியதும். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டால், வேறு வழியில்லாமல் செய்த சமாளிப்பாக மட்டுமே இது தெரியும்.

செய்முறையைப் பார்த்தால் இது விளங்கும். மால்ட் மாவை வெந்நீரில் ஊறவைத்து ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருப்பார்கள். பல அரிசி வகைகள் அந்தச் சூட்டில் வேகாது. அதனால் தனிக் கொப்பரையில் கொஞ்சம் மால்ட்டோடு அரிசியைக் கொதிக்கவைத்துக் கஞ்சியாக்கி, அந்தக் கொதிகஞ்சியை மால்ட் கூழில் ஊற்றுவார்கள். கஞ்சியின் சூடே கூழின் சூட்டைத் தேவையான அளவுக்கு உயர்த்திவிடும். மக்காச்சோளத்தில் இன்னொரு சிக்கல்: முளைக்கருவில் எண்ணெய் இருப்பதால் அதை நீக்கி உடைத்த குருணையைத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் நுரை நிற்காது, சிக்கு வாடையும் வரும்.

இந்த முறையை அமெரிக்க ஆலைக்காரர்களிடம் அச்சில் எடுத்துச் சென்றவர் அன்டன் ஷ்வார்ட்ஸ். பொஹீமியாவில் பிறந்து, பிராக் பல்தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியர் பாலிங்கிடம் படித்தவர். 1868இல் நியூயார்க் வந்து ‘அமெரிக்கன் புரூவர்’ இதழில் சேர்ந்தார். 1869இல் அரிசியையும் மக்காச்சோளத்தையும் பரிந்துரைத்து எழுதினார். ஓகிளின் வாதத்தில் அந்த பிராக் படிப்புக்கு உரிய எடை கிடைக்கவில்லை என்பது என் முதல் மறுப்பு. பாலிங்கின் பெயரால் அறியப்படும் அளவுகோல், ஒரு சாற்றில் கரைந்துள்ள பொருள் எடையில் எத்தனை விழுக்காடு என்று காட்டுவது. அந்தக் கோலைக் கையில் எடுத்தவர் மூட்டை விலையோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். மூட்டைக்கு எவ்வளவு சாறு கிடைக்கிறது என்றும் பார்ப்பார். எடைக்கு எடை அரிசி, மால்ட்டைவிட அதிகச் சாறு தருவது. ஆகவே ‘அரிசி விலை கூடியது, எனவே சிக்கனம் காரணமல்ல’ என்ற ஓகிளின் கணக்கில் ஓர் இலக்கம் விடுபட்டிருக்கிறது. சிக்கனம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சிக்கனமா தரமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே, அந்தக் கால ஆலைக்காரர் யோசித்த விதத்துக்குப் பொருந்தாது என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் அடிப்படையானது. ஓகிளும் சரி, அவர் மறுத்த பழைய கதையும் சரி, ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: ஜெர்மனியில் அப்போது மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் என்ற ஒரே பீர்தான் இருந்தது, அமெரிக்காவில் அது மாறியது. உண்மை அப்படியில்லை. 1516இல் இங்கோல்ஸ்டாட்டில் பிறந்த பீர்த் தூய்மை ஆணை பவேரியாவுக்கானது. முன்மாதிரியாகக் காட்டப்படும் பில்சன் நகரமோ ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்தது. 1842இல் அங்கே முதல் வெளிர் லாகரைக் காய்ச்சிய யோசஃப் குரோல் பவேரியர் என்றாலும், அவர் காய்ச்சிய இடத்தில் அந்த ஆணை செல்லாது. இதெல்லாம் தெரிந்த சேதி. போதுமான அளவு படிக்கப்படாதது, 31 மே 1872 தேதியிட்ட வட ஜெர்மானிய பீர் வரிச் சட்டம்.

வரி விதிப்பதற்காக அந்தச் சட்டம் பீர் காய்ச்சும் பொருள்களை வரிசைப்படுத்துகிறது. முதலில் தானியம். அடுத்ததாக அரிசி, அரைத்ததும் அரைக்காததும். பிறகு மாவுச்சத்து வகைகள், சர்க்கரை, பாகு. கடைசியில் பிற மால்ட் மாற்றுகள் என்று ஒரு பொது இனம். சட்டம் எழுதியவர்களுக்குப் பீரின் தூய்மை பற்றிக் கவலையில்லை, கஜானாவைப் பற்றித்தான் கவலை. அதனாலேயே இந்தச் சான்றை நான் பெரிதும் நம்புகிறேன். யாரும் பயன்படுத்தாத ஒரு பொருளுக்கு வரி அதிகாரி தனி இனம் ஒதுக்குவாரா? அதுவும் அரிசியை ‘பிற மாற்றுகள்’ என்பதற்குள் அடக்காமல் தானியத்துக்கு அடுத்த இடத்தில் வைப்பாரா? பவேரியா, வூர்ட்டம்பர்க், பாடன் ஆகியவை இந்த வரிக் கூட்டமைப்புக்கு வெளியே இருந்தன. உள்ளே இருந்த பெரும் பரப்பில் அரிசி சேர்த்த பீர் சட்டப்படி பீர்தான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதை மறைக்க வேண்டியதில்லை. பட்டியல் அனுமதியைக் காட்டுமே தவிர அளவைக் காட்டாது. அங்கே லாகர் அல்லாத மேல்நொதி பீரும் நிறையக் காய்ச்சினார்கள்; சர்க்கரையும் பாகும் அதற்காக இருந்திருக்கலாம். ஆனால் கருத்த மேல்நொதி பீருக்கு அரிசி போடுவதில் என்ன பயன்? நிறம் வெளுப்பதும் உடல் லேசாவதுமே அரிசியின் பலன். அது வெளிர் லாகரில்தான் பொருள்படும். இது ஊகம்தான், வலுவான ஊகம்.

இனி லேபிள். செயின்ட் லூயிஸில் கார்ல் கான்ராட் என்ற வணிகருக்காக அடோல்ஃபஸ் புஷ் 1876 முதல் பட்வைசர் பீரைக் காய்ச்சினார். அரிசி சேர்த்த பீர் அது. பெயரைப் போட்டி ஆலையான ஊரிக் எடுத்துக்கொண்டதால் வழக்கு எழுந்து, 1880இல் மிசோரி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கில் பதிவான கான்ராட் லேபிள் மூன்று உறுதிகளைத் தருகிறது: பட்வைசர் முறை, சிறந்த சாட்ஸ் ஹாப்ஸும் பொஹீமியப் பார்லியும், எந்தத் தட்பவெப்பத்திலும் கெடாமை. அரிசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிற்காலத்தில் அதே பெயர் தாங்கிய லேபிளில் ஹாப்ஸ், அரிசி, பார்லி மால்ட் மூன்றும் வெளிப்படையாக இடம்பெற்றன.

அமெரிக்கரின் நாக்கு லேசான பீரைத் தேடியது என்ற ஓகிளின் இரண்டாவது காலை இந்த மௌனம் அசைக்கிறது. குடித்தவருக்குச் சுவை பிடித்திருக்கலாம். ஆனால் அவர் காசு கொடுத்தது பொஹீமியப் பார்லி என்ற வாக்குறுதிக்கு. அரிசியால் கிடைத்த தெளிவை விற்றவர், அரிசியை விற்கவில்லை. லேபிளில் இடமில்லாததால் விட்டுவிட்டார் என்று வாதிடுவோர் உண்டென்றால், தக்கை முத்திரையைக்கூட விடாமல் குறிப்பிடும் அந்த லேபிளை ஒருமுறை படிக்கட்டும்.

1906ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரு நாடுகளிலும் சட்டம் வந்தது. ஜெர்மனியில் 3ஆம் தேதிச் சட்டம், லாகர் போன்ற அடிநொதி பீருக்கு பார்லி மால்ட் மட்டுமே என்ற விதியை வடக்கிலும் கொண்டுவந்து அரிசியை வெளியேற்றியது. அமெரிக்காவில் 30ஆம் தேதி தூய உணவுச் சட்டம் கையெழுத்தானது. அங்கே அரிசி நிலைத்தது. இரு நாட்டு லாகரையும் பிரித்த கோட்டை நான் இங்கேதான் இழுப்பேன், 1869இல் அல்ல. ஷ்வார்ட்ஸின் ஆண்டு ஒரு வாதம் அச்சேறிய ஆண்டு. முதல் கொப்பரையில் அரிசி விழுந்த ஆண்டு அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம், பிந்தியதாகவும் இருக்கலாம்.