பெயர்ப் பட்டியலும் ஒரு புள்ளியும்

அலுவலகம் ஒன்றில் சர்வர் எனப்படும் வழங்கியைப் புதிதாக நிறுவும்போது செய்யவேண்டிய முதல் வேலை எது என்று கேட்டால், மின்னஞ்சல் என்பார் ஒருவர், கோப்புப் பகிர்வு என்பார் இன்னொருவர். இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒன்று உண்டு. அது பெயர் வைப்பது. பொறிகள் தமக்குள் எண்களால் பேசிக்கொள்கின்றன. மனிதருக்கோ எண் நினைவில் நிற்பதில்லை. எனவே இன்ன பெயருக்கு இன்ன எண் என்று கேட்போருக்குச் சொல்லும் சேவையொன்று முதலில் இயங்கியாக வேண்டும். அஞ்சலும் அச்சும் வலைத்தளமும் அதன் தோளில் ஏறித்தான் நடக்கின்றன. இலக்கியம் வாசிக்கும் நமக்கு இதில் என்ன என்று தோன்றலாம். பெயரிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது இலக்கியத்துக்கும் பழைய கேள்விதான்.

எந்த வழங்கியைத் திறந்து பார்த்தாலும், யூனிக்ஸ் வழிவந்ததாயினும் விண்டோஸாயினும், ஆழத்தில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு கிடக்கும். பெரும்பாலும் ஓரிரண்டு வரிகள்தான் இருக்கும். நிர்வாகிகளில் பலர் அதைத் தொடுவதேயில்லை. நில அடுக்குகளில் கல்லாகிப் போன சிப்பியைப் போன்றது அது. ஒரு காலத்தில் வலையமைப்பின் மொத்தப் பெயர்களும் அப்படியொரு கோப்புக்குள் அடங்கியிருந்தன.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பாநெட் 1969இல் தொடங்கியபோது ஒவ்வொரு நிலையமும் தன்னிடம் தனக்கென ஒரு பட்டியலை வைத்துக்கொண்டது. ஒரே கணினிக்கு ஓரிடத்தில் ஒரு பெயர், வேறிடத்தில் வேறு பெயர். 1971இல் பெக்கி கார்ப் என்பவர் பெயர்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ட்ச், அதிகாரபூர்வமான ஒரே கோப்பை ஓரிடத்தில் வைத்து, எல்லோரும் அங்கிருந்து பிரதியெடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். இவ்வளவு எளிய ஏற்பாடு தோன்ற நான்கு ஆண்டுகள் ஆயின என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது.

அந்தக் கோப்பு கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிலையத்தின் வலைத் தகவல் மையத்துக்கு வந்து சேர்ந்தது. மையத்தின் தலைவர் எலிசபெத் ஃபைன்லர். நண்பர்களுக்கு அவர் ஜேக். உயிர்வேதியியல் படித்தவர், கணினியறிஞர்களிடையே ஒரு நூலகரைப் போல வாழ்ந்தவர் என்றே சொல்லத் தோன்றுகிறது. புதிய கணினி வாங்கிய நிலையத்தார் அவர் மையத்துக்கு எழுதுவார்கள், அல்லது தொலைபேசியில் அழைப்பார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கோப்பில் சேர்ப்பார்கள். நாடெங்குமுள்ள நிர்வாகிகள் அவ்வப்போது அந்தக் கோப்பைத் தருவித்துத் தம் பொறிகளில் வைத்துக்கொள்வார்கள். அலுவலகம் மூடியபின் பெயர் பிறக்காது. உலக வலையமைப்புக்கு ஒரு காலத்தில் அலுவலக நேரம் இருந்தது என்பதை இன்று நம்புவது கடினம்.

இந்த ஏற்பாடு தன் வெற்றியாலேயே சரிந்தது. 1981 ஆகஸ்டில் அந்தப் பட்டியலில் இருந்த கணினிகள் 213. இரண்டாண்டுகள் கழித்து 562. சேரும் கணினி ஒவ்வொன்றும் கோப்பை நீளமாக்கியது. அந்த நீண்ட கோப்பைத் தருவிப்போரின் தொகையையும் கூட்டியது. பிரதியெடுத்து முடிப்பதற்குள் மூலம் மாறிவிடும் நிலை வந்தது.

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் இருந்த ஜான் போஸ்டல், தம் இளைய சகா பால் மொக்கபெட்ரிஸிடம் ஐந்து யோசனைகளைக் கொடுத்து, அவற்றை இணைத்து ஒரு சமரசம் காணச் சொன்னார். மொக்கபெட்ரிஸ் சமரசம் காணவில்லை. ஐந்தையும் ஒதுக்கிவிட்டுத் தாமே ஒன்றைப் படைத்தார். 1983 நவம்பரில் வெளிவந்த அதுதான் டி.என்.எஸ். என்கிற ஆள்களப் பெயர் முறை. அதன் மையக் கருத்து தொழில்நுட்பத்தைவிட நிர்வாகத்தைச் சேர்ந்தது என்பது நம் எண்ணம். பெயர்களை மரம்போல் கிளைக்கவிட்டு, ஒவ்வொரு கிளையையும் அந்தக் கிளைக்காரரிடமே ஒப்படைத்துவிடுவது. உச்சியிலிருப்பவர் அடுத்த கிளைக்குப் பொறுப்பாளி யார் என்று மட்டும் அறிந்திருந்தால் போதும். கிளைக்குள் எத்தனை பெயர், எவை என்பது அவருக்குத் தேவையில்லை. 1984இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் நால்வர் இதற்கென எழுதிய 'பைண்ட்' என்ற மென்பொருள் யூனிக்ஸோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது. 1987 இறுதியில் கணினிகள் 28,000ஐத் தாண்டியபோது முறை தாங்கியது.

அதிகாரம் பகிரப்பட்டபோது, பிழை செய்யும் உரிமையும் உடன் பகிரப்பட்டது. ஃபைன்லரின் மையத்தில் தேர்ந்த சிலர் செய்த வேலை, இப்போது ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு பத்து வேலைகளுக்கு நடுவில் ஒரு நிர்வாகியின் தலையில் விழுந்தது. மண்டலக் கோப்பு எனப்படும் பெயரேட்டை அவர் கையாலேயே எழுத வேண்டும். கோப்பின் தலைப்பில் ஒரு வரிசை எண் உண்டு. ஏட்டைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். துணை வழங்கி அந்த எண்ணைத்தான் பார்க்கும். அது கூடவில்லையெனில் ஏடு மாறவில்லை என்று முடிவுகட்டிப் பழையதையே ஓதிக்கொண்டிருக்கும். ஒரு சிறிய அலுவலகத்தில் இந்தப் பொறுப்பு எங்களிடம் இருந்தபோது, அஞ்சலைப் புதிய பொறிக்கு மாற்றிவிட்டு எண்ணைக் கூட்ட மறந்தோம். இரண்டு நாள்கள் கடிதங்களில் ஒரு பாதி புதிய பொறிக்கும், மறுபாதி மூலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய பொறிக்கும் போயின. யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கடிதங்கள் வந்துகொண்டே இருந்ததுதான்.

இதைவிடப் பொல்லாதது புள்ளி. ஏட்டில் முழுப்பெயர் எழுதினால் அதன் இறுதியில் ஒரு புள்ளி இட வேண்டும். இடாவிட்டால் பெயர் முடியவில்லை என்று கருதி, மென்பொருள் தானாகவே நிறுவனத்தின் பெயரை வாலில் ஒட்டிவிடும். நம் ஓலைச்சுவடி எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள்; ஓலை கிழிந்துவிடும் என்ற அச்சம். படிப்பவர் பொருளறிந்து புள்ளியைத் தாமே போட்டுக்கொள்வார். உ.வே.சா. தலைமுறையின் பதிப்புழைப்பில் கணிசமான பகுதி இப்படி இல்லாத புள்ளிகளை ஊகிப்பதில் கழிந்தது. பொறியும் ஊகிக்கத்தான் செய்கிறது. பொருளறியாமல் ஊகிக்கிறது.

2009 அக்டோபர் 12 அன்று ஸ்வீடனில் இது தேசிய அளவில் நிகழ்ந்தது. அந்நாட்டின் '.எஸ்இ' ஆள்களத்துக்கான ஏட்டைத் தயாரிக்கும் நிரல் ஒன்று, வழக்கமான பராமரிப்பின்போது, பெயர்களின் இறுதிப் புள்ளியை விட்டுவிட்டது. '.எஸ்இ' என்று முடியவேண்டியவை '.எஸ்இ.எஸ்இ' ஆயின. சுமார் 9 லட்சம் பெயர்கள் முகவரியற்றுப் போயின. ஒரு மணி நேர அளவில் ஏடு திருத்தப்பட்டது. ஆனால் பிழையான விடையை வாங்கி நினைவில் வைத்துக்கொண்ட வழங்கிகள் உலகெங்கும் இருந்தன. அவை மறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. விடைகளைச் சிறிது காலம் நினைவில் வைத்திருப்பதால்தான் இந்த முறை வேகமாக இயங்குகிறது. அந்த நினைவுதான் அன்று பிழையை நீட்டித்தது.

உச்சியில் இருந்த ஏடு யாருடையது என்ற வழக்கு இதற்குள் முற்றியிருந்தது. 1993 முதல் பெயர்ப்பதிவு நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் கையில். 1995இலிருந்து இரண்டாண்டுக்கு 100 டாலர் கட்டணம். 1998 ஜனவரி 28 அன்று ஜான் போஸ்டல், வேர் வழங்கிகளை நடத்தியவர்களில் எட்டுப் பேருக்கு ஓர் அஞ்சல் அனுப்பினார். இனி மூல ஏட்டை அந்த நிறுவனத்திடமிருந்து எடுக்காமல் தம் நிலையத்திலிருந்து எடுக்கும்படி கேட்டார். அவர்கள் எடுத்தார்கள். அரசாணை ஏதுமில்லை, ஒப்பந்தமும் இல்லை. தாடி வைத்த ஒரு மனிதரின் மேல் இருந்த நம்பிக்கை மட்டும்தான். வெள்ளை மாளிகையின் ஐரா மகசினர் சீறியதும், இது வெறும் சோதனை என்று கூறிப் போஸ்டல் பழையபடி மாற்றிவிட்டார். பயனர் எவருக்கும் எதுவும் தெரியவில்லை. சோதனைதானா என்பதில் நமக்கு ஐயமுண்டு. அமெரிக்க அரசு வேரைப் பற்றிய தன் வரைவுக் கொள்கையை வெளியிட்டது இரண்டே நாள் கழித்து. அவ்வாண்டு செப்டம்பரில் ஐகான் அமைப்பு உருவாயிற்று. அக்டோபர் 16 அன்று, இதய அறுவைக்குப் பிந்தைய சிக்கலால் போஸ்டல் காலமானார். வயது 55.

மென்லோ பார்க் பட்டியல் விதித்த ஒரு கட்டுப்பாடு மட்டும் எல்லோரையும் கடந்து நீடித்தது. பெயரில் இலத்தீன் எழுத்தும் எண்ணும் சிறுகோடும் தவிர வேறெதுவும் கூடாது என்பது அது. தமிழில் முகவரி எழுத முடியாமல் போனதற்கு இதுவே மூலம். 2003இல் பிறமொழி எழுத்துகளை இலத்தீன் கோவையாக மாற்றி எழுதும் முறை வகுக்கப்பட்டது. '.இலங்கை' 2010இலும், '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவை 2011இலும் வேர் ஏட்டில் இடம்பெற்றன. அந்த ஏட்டைத் திறந்து பார்த்தால் தமிழ் எழுத்து ஒன்றும் தென்படாது. 'எக்ஸ்என்' என்று தொடங்கி, வாயில் நுழையாத இலத்தீன் கோவையாகவே இலங்கை நிற்கிறது. இறுதியில் தவறாமல் ஒரு புள்ளியும் இருக்கிறது.