உதிரத் தெரிந்த உயிரணுக்கள்

சங்க மலருக்கு ஆண்டுதோறும் கல்வெட்டு, சுவடி என்று ஏதாவது எழுதித் தருவது அடியேன் வழக்கம். இம்முறை வேறு திசையில் போகிறேன். காரணம் வீட்டு விஷயம். 2019-இல் என் தம்பிக்கு நாள்பட்ட வெள்ளணுப் புற்று என்று சொன்னாங்க. "புற்றுன்னா செல் கண்டபடி பெருகுறதுதானே?" என்று கேட்டேன். மருத்துவர் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, "இவர் விஷயத்துல, சாக வேண்டிய செல் சாகாம உட்கார்ந்திருக்கறதுதான் பெரிய தொல்லை, ஐயா" என்றார். அந்தச் சொல் என்னைக் கடைக் கல்லாவிலிருந்து எழுப்பி நூலகத்துக்கு அனுப்பியது. தம்பியோ, "எந்தப் பழவினையோ அண்ணா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

செல்கள் முறைப்படி சாகின்றன என்ற செய்தி பழசு. 1842-இலேயே கார்ல் ஃபோக்ட் தேரையின் தலைப்பிரட்டையில் அதைக் கண்டு எழுதினார். 1885-இல் ஃபிளெமிங் முட்டைப் பையின் செல்களில் கண்டார். ஆனால் ஓர் உடம்பு தன் செல்லைத் தானே கழிக்கிறது என்பதை ஒரு துறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டுப்பூச்சி கூட்டை விட்டு வெளிவந்ததும் அதன் வயிற்றுத் தசைகள் கரைந்துபோவதை ஆராய்ந்த லாக்‌ஷினும் வில்லியம்ஸும் 1964 வாக்கில்தான் 'திட்டமிட்ட செல் மரணம்' என்ற பெயரைக் கொடுத்தார்கள்.

அடுத்து வருபவர்தான் என் மனம் கவர்ந்தவர். ஜான் கெர், ஆஸ்திரேலிய நோயியல் அறிஞர். 1960-களில் லண்டனில், எலியின் ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாயின் கிளைகளைக் கட்டிவிட்டுப் பார்த்தார். சில செல்கள் வீங்கி வெடித்துச் செத்தன. அது எல்லோரும் அறிந்த சாவு. வேறு சில சுருங்கி, சிறு உருண்டைகளாகப் பிரிந்தன. அக்கம்பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிட்டன. வீக்கமில்லை, அழற்சியில்லை. பின்னர் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வில்லி, கரி என்ற இருவரோடு சேர்ந்து, 1972-இல் இதற்கென ஒரு கட்டுரை வெளியிட்டார். பெயர் வேண்டுமே? அங்கிருந்த கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக் கொடுத்தார்: 'அப்போப்டோசிஸ்'. மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் சொல். இரண்டாவது பகரத்தை ஒலிக்கக் கூடாது என்று அடிக்குறிப்பே போட்டார்கள், யார் கேட்டது! பெயர் கிடைத்தும் பல ஆண்டுகள் அந்தக் கட்டுரையை அதிகம் பேர் சட்டை செய்யவில்லை.

இந்த இடத்தில் நம்மவர் சிலர், "இது வடக்கிருத்தல்தானே?" என்று மகிழ்வார்கள். செஞ்சிக்கருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டைத் தொட்டுப் பார்த்தவன் நான். எனக்கு இந்த ஒப்புமை பிடிக்கவில்லை. அவர் அறிந்து ஏற்றார். செல்லுக்கு அறிவுமில்லை, துறவுமில்லை. புரதங்களின் கணக்குத்தான் உண்டு.

அந்தக் கணக்கைக் காட்டிக் கொடுத்தது ஒரு புழு. எங்கள் சமண நூல்கள் புழுவை ஈரறிவுயிர் என்று வகுக்கும். கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் தேர்ந்தெடுத்த மண்புழுதி வாழ் உருளைப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளந்தான். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். ஜான் சல்ஸ்டன் அதன் கருவைப் பார்ப்பதற்காக ஒன்றரை ஆண்டு, நாளுக்கு இருவேளை, வேளைக்கு நான்கு மணி நேரம் நுண்ணோக்கி முன் உட்கார்ந்தார். வரவு 1090 செல், கழிவு 131, இருப்பு 959. ஒவ்வொரு புழுவிலும் அதே 131, அதே இடத்தில், அதே நேரத்தில்! எந்த வியாபாரியின் பேரேடும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அமெரிக்காவில் ஹார்விட்ஸ் குழுவினர் 1986-இல் செட்-3, செட்-4 என்ற இரு மரபணுக்களைக் கண்டார்கள். இவை கெட்டால் அந்த 131-உம் சாகாமல் தங்கிவிடும். 1992-இல் கண்ட செட்-9 இதற்கு நேர்மாறு. சாவைத் தடுத்து நிறுத்தும் காவல்காரன்.

மனிதக் கதை தனியாக நடந்துகொண்டிருந்தது. ஒரு வகை நிணநீர்ப் புற்றில் 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறிக்கொள்கின்றன. அந்த ஒட்டுப்போட்ட இடத்தில் 1984-85 வாக்கில் ட்சுஜிமோட்டோவும் குரோச்சேயும் பிசிஎல்-2 என்ற மரபணுவைப் பிடித்தார்கள். இதுவும் செல்லைப் பெருக்குவதுதான் என்று எண்ணுவது அன்றைய இயல்பு. 1988-இல் மெல்போர்னில் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் வேறு விடை கண்டார்கள். பிசிஎல்-2 செல்லைப் பெருக்கவில்லை. பட்டினி போட்டாலும் சாகவிடாமல் வைத்திருந்தது. 1992-இல் வோக்ஸ் மனிதனின் பிசிஎல்-2-வைப் புழுவுக்குள் வைத்தார். புழுவின் செல்களும் சாக மறுத்தன. செட்-9-உம் பிசிஎல்-2-உம் ஒரே குடும்பம் என்பது 1994-இல் உறுதியாயிற்று. ஈரறிவுயிரின் சட்டமும் ஆறறிவுயிரின் சட்டமும் ஒன்றே என்று படித்த இரவு எனக்குத் தூக்கமே வரலை.

2002-இல் பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் நோபல் பரிசு. கெருக்கு இல்லை. 2000-இல் ஹார்விட்ஸோடு பால் எர்லிக் பரிசைப் பகிர்ந்துகொண்டதோடு சரி. எனக்கு இதில் மனக்குறை உண்டு.

தம்பியின் நோயில் குரோமோசோம் மாறாட்டம் இல்லை. ஆனால் பிசிஎல்-2 மிகுதி. அதைப் போய்ப் பிடித்துக் கட்டும் வெனிட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரைக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2021-இல் தம்பிக்கும் கொடுத்தார்கள். 20 மில்லிகிராமில் தொடங்கி ஐந்து வாரத்தில் 400-க்கு ஏற்ற வேண்டும். சாகத் தெரியாத செல்கள் திடுதிப்பென்று மொத்தமாகச் செத்தால், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். எனவே நிறையத் தண்ணீர் குடிக்கணும். தம்பி இரவில் தண்ணீரும் அருந்தாத நோன்புக்காரன். வோக்ஸின் புழுக் கதையை நான் வரைந்து காட்டிச் சொன்ன பிறகு, பழவினைப் பேச்சை விட்டான். காலை உணவோடு மாத்திரை, கையில் பித்தளைச் செம்பு. பொழுது சாயுமுன் எட்டுச் செம்பு முடித்துவிட்டு, "உன் புழுக்கு என் நன்றியைச் சொல்லு" என்பான்.