முழம் யாருடையது?

பூக்காரம்மாவிடம் பூ வாங்குகிறவர்கள் பூவைப் பார்ப்பதற்கு முன் அவர் கையைப் பார்ப்பார்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். கை குட்டையானால் முழமும் குட்டை. பேரம் நடக்கும், சண்டையும் வரும். ஆனால் அந்த அளவில் ஒளிவுமறைவு இல்லை. அது எந்த உடம்பிலிருந்து வந்தது என்பது கண்முன் தெரியும். இயந்திரங்களின் அளவுகளில் அந்த உடம்பு மறைந்துவிடுகிறது. எண் மட்டும் மிஞ்சுகிறது.

நாற்பத்திரண்டு வயதில் பழைய டூரிங் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். மதுரையிலிருந்து ராமேசுவரம் போய் இறங்கியபோது இரண்டு கைகளிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயிருந்தன. வண்டியைப் பார்த்த மெக்கானிக், "இது ஆம்பளைங்க வண்டி மேடம், உங்களுக்கு எட்டாது" என்றார். நம்பினேன். சில மாதங்கள் கழித்து வேறொரு பட்டறையில் ஒரு பெரியவர் நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை என் பக்கமாகக் கொஞ்சம் சுழற்றி இறுக்கித் தந்தார். மணிக்கட்டு நேரானது, மரமரப்பு போனது. என் உடம்பின் குறை என்று நான் சுமந்தது நான்கு போல்ட்டுகளின் விவகாரம். அந்தக் கோபத்தில்தான் இந்தக் குழாயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

ஹேண்டில்பாருக்கு முக்கியமாக நான்கு அளவுகள்: இரு முனைகளுக்கு இடையிலான அகலம், மேலே எழும் உயரம், ஓட்டுபவரை நோக்கிப் பின்வளையும் தூரம், குழாயின் பருமன். ஜப்பானிய வண்டிகளில் பருமன் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். ஹார்லி-டேவிட்சனில் 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதன்மேல் ரப்பர் பிடியும் ஏறிய பிறகு, சின்னக் கை அதைப் பற்றிக்கொண்டே கிளட்ச் லீவரையும் எட்ட வேண்டும், நாள் முழுக்க.

அகலம் கூடினால் நெம்புகோலின் பலம் கூடும். கனமான வண்டியும் லேசாகத் திரும்பும். ஆனால் யூ-டர்னில் ஹேண்டில்பாரை முழுக்க ஒடிக்கும்போது வெளிப்பக்க முனை நம்மைவிட்டு விலகிப் போகும். கை குட்டையானவர் அதை விரட்டிக்கொண்டு உடம்பையே சாய்க்க வேண்டும், வண்டி தடுமாறும். 'பொம்பளைங்களுக்கு வண்டியைத் திருப்பத் தெரியாது' என்ற தீர்ப்பு பல நேரம் இந்த இடத்தில்தான் எழுதப்படுகிறது.

மோட்டார் சைக்கிள் சைக்கிளிலிருந்து பிறந்தது. ஆரம்பகால அமெரிக்க வண்டிகளின் ஹேண்டில்பார்கள் நீளமாகப் பின்வளைந்து ஓட்டுபவரின் கையருகே வந்து நின்றன. அப்படிப்பட்ட காலத்தில், 1916 ஜூலை 4 அன்று, அகஸ்டா, அடலைன் வான் பியூரன் என்ற சகோதரிகள் நியூயார்க்கிலிருந்து ஆளுக்கொரு இந்தியன் பவர்பிளஸ் வண்டியில் புறப்பட்டார்கள். வழியில் 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் சிகரத்தில் ஏறி, செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் சேர்ந்தார்கள். ஆண் உடை அணிந்ததற்காக வழியிலிருந்த சிற்றூர்களில் கைது செய்யப்பட்டார்கள். போரில் செய்தி சுமக்கும் வேலையைப் பெண்களாலும் செய்ய முடியும் என்று காட்டுவதே அவர்கள் நோக்கம். அடலைனின் விண்ணப்பத்தை ராணுவம் நிராகரித்தது. பெண்ணின் உடம்பு போதாது என்றது ராணுவம். கண்டம் கடந்த வண்டி அப்படி எதுவும் சொல்லவில்லை.

1934 டிசம்பரில் தெரசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் இருவரும் லண்டனிலிருந்து கிளம்பி, சகாராவைக் கடந்து, 1935 ஜூலையில் கேப் டவுனை அடைந்தார்கள். 600 சிசி பேந்தர் வண்டி. பக்கத்தில் சைட்கார், பின்னால் இழுவை வண்டி. சைட்கார் பூட்டிய வண்டியைச் சாய்த்துத் திருப்ப முடியாது. ஒவ்வொரு திருப்பத்தையும் ஹேண்டில்பாரில் கைகளால் இழுத்தே வாங்க வேண்டும். அந்தக் கைகள் பெண்களின் கைகள். வாலக் பின்னர் அமெரிக்காவில் குடியேறி, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும் நூலை 1970இல் வெளியிட்டார்.

இதற்கிடையே பொருள்களை உடம்புக்கேற்ப வடிவமைக்கும் துறை வளர்ந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் 1955இல் ஜோ, ஜோசஃபின் என்ற இரண்டு மாதிரி உடம்புகளை அளவுகளுடன் வரைந்து காட்டினார். ஆனால் 1960இல் அவர் வெளியிட்ட அளவுத் தொகுப்பின் தலைப்பு 'ஆணின் அளவு'. உள்ளே ஜோசஃபின் இருந்தாள், அட்டையில் இல்லை. அவருக்குப் பிறகு விரிவாக்கிய பதிப்பில், 1993இல்தான், தலைப்புக்குள் பெண் வந்தாள்.

1969இல் ஹார்லியின் எலெக்ட்ரா கிளைடுக்கு வௌவால் இறக்கை வடிவில் காற்றுத் தடுப்பு வந்தது. அது முன் ஃபோர்க்கில் பொருத்தப்பட்டது. ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும். அதற்குள் நுழைந்து வரும் ஹேண்டில்பாரை மாற்ற வேண்டுமானால் தடுப்பைக் கழற்ற வேண்டும். புதியது நீளமானால் கேபிள், பிரேக் குழாய், ஒயர் எல்லாமே நீள வேண்டும். டூரிங் வண்டியில் தன் உடம்புக்கேற்ற மாற்றம் என்பது பணமும் பட்டறையும் கேட்கிற காரியமானது.

அதே 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படம் வானம் பார்த்த ஹேண்டில்பாரை உலகத்துக்குக் காட்டியது. குரங்கு கிளையில் தொங்குவதுபோல் என்று அதற்கு 'ஏப் ஹேங்கர்' எனப் பெயர். தூக்கிய முஷ்டிகள் சுதந்திரத்தின் படமாயின. அந்தப் படத்தில் இருந்தவை ஆணின் முஷ்டிகள். அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஹேண்டில்பாரின் உயரத்துக்குச் சட்டத்தில் வரம்பு வைத்திருக்கின்றன. அவற்றில் சில சொல்லும் வரம்பு: உட்கார்ந்து ஓட்டுபவரின் தோளுக்கு மேல் கை போகக்கூடாது. சட்டம் அங்குலத்தை விட்டுவிட்டு, ஓட்டுகிற உடம்பின் தோளையே அளவுகோலாக எடுக்கிறது. தண்டிக்க வரும்போது மட்டும் பூக்காரம்மாவின் கணக்கு ஞாபகம் வருகிறது.

இன்று குட்டையானவர்களுக்கான ஹேண்டில்பாரும் இருக்கையும் 'ரெட்யூஸ்டு ரீச்' என்ற பெயரில் தனியாக விற்கப்படுகின்றன. குறைக்கப்பட்ட எட்டு தூரம். எதிலிருந்து குறைத்தது? யாருடைய கையிலிருந்து? உயரமான ஆணுக்கு விற்கும் குழாயை யாரும் 'நீட்டப்பட்டது' என்று சொல்வதில்லை. அது வெறும் ஹேண்டில்பார். மற்ற உடம்புகளுக்கு அடைமொழி, அதற்குமேல் விலை. குட்டையான ஆண்களும் இந்த அடைமொழிக்குள்தான் வருகிறார்கள். கடையில் அதைக் கேட்க அவர்கள் கூசுவதும் இதனால்தான்.

என் ஹேண்டில்பாரின் மேல் அந்தப் பெரியவர் வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுத் தந்திருக்கிறார். சர்வீஸுக்கு விட்டுத் திரும்ப எடுக்கும்போதெல்லாம் கோடு இடம் மாறியிருக்கும். "கம்பெனி செட்டிங்ல வச்சிருக்கேன் மேடம்" என்பார்கள். நான் ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று, கோடு பொருந்தும்வரை திருப்பி இறுக்கிவிட்டுக் கிளம்புகிறேன்.